அடப்பங்கொடி விட்டிலைத் தேடி: உச்சிப்புளியிலிருந்து ஐந்து நாட்கள்

முதல் நாள்

மதுரையிலிருந்து வந்த ராமேஸ்வரம் ரயில் உச்சிப்புளியில் நின்றபோது பிளாட்பாரம் ஈரமாக இருந்தது. ஐப்பசி மழை முந்தின நாள் இரவு பெய்து ஓய்ந்திருக்கிறது. பெரியம்மா வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "ஏத்தா, ஒரு பூச்சியப் பாக்கவா அஞ்சு நாள் லீவு போட்டுட்டு வந்த?"

ஆமாம், பூச்சியைப் பார்க்கத்தான். போன வருஷம் இதே மாதம் பெரியம்மாவின் பேரன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். திண்ணை டியூப்லைட்டுக்குக் கீழே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த சாம்பல் நிற விட்டில். "அத்தை, குருவி சைஸ் இருக்கு, என்ன இது?" என்று ஒரு கேள்வி. மேல்சிறகு பழைய சிமென்ட் தரை மாதிரி இருந்தது. சிறகு விலகிய இடத்தில் மட்டும் வயிற்றின் இரண்டு பக்கமும் ரோஸும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை. அக்ரியஸ் பேரினத்தைச் சேர்ந்த அக்ரியஸ் கன்வால்வுலி அது. பருந்து அந்துப்பூச்சிகள் என்ற பெரிய குடும்பத்தில் ஒன்று. அந்தக் குடும்பத்தில் உலகம் முழுவதும் சுமார் 1,450 இனங்கள் இருக்கின்றன. அக்ரியஸ் பேரினத்தில் ஒரு கை விரல்களை எண்ணி முடித்து அடுத்த கைக்குப் போகும் அளவுக்குத்தான்.

படத்தில் பார்த்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் 'கன்வால்வுலி' என்ற பெயர் என்னை விடவில்லை. கன்வால்வுலஸ் என்பது ஒரு கொடிப் பேரினம். தாளி, சர்க்கரைவள்ளி, அடம்பு எல்லாம் அடங்கிய கொடிக் குடும்பத்துக்கு அதன் பெயர்தான். இந்தக் கடலோரத்தில் மணல் தெரியாமல் படர்ந்து கிடப்பது அந்த அடம்புதான், அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள். ஊதா நிறத்தில் புனல் மாதிரி பூக்கும். அந்தப் பூவில் இந்த விட்டில் தேன் குடிப்பதைப் படமெடுத்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

சாயங்காலம் கொல்லைப்புறத்தைச் சுற்றி வந்தேன். கிணற்றடியில் ஊமத்தை புதராக நின்றது. "விஷச்செடி, வெட்டணும் வெட்டணும்னு இருக்கேன், கை ஒழியல" என்றார் பெரியம்மா. பக்கத்தில் இரண்டு பப்பாளி, ஒன்று ஆண் மரம். அதில் கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூக்கள், இருட்டத் தொடங்கியதும் மெல்லிய மணம். பப்பாளிக்கு மகரந்தம் சுமப்பதில் பருந்து அந்துப்பூச்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆண் பூவில் தேன் இருக்கும். பெண் பூவில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. இருட்டில் ஆண் பூ என்று நினைத்துப் பெண் பூவுக்கும் வந்து ஏமாந்து போகிற பூச்சியால்தான் நமக்குப் பழம். எட்டு மணி வரை நின்றேன். கொசு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

இரண்டாம் நாள், தனுஷ்கோடி

பேரனுக்குச் சனிக்கிழமை விடுமுறை. இருவரும் பஸ் பிடித்து ராமேஸ்வரம் போய், அங்கிருந்து அரிச்சல்முனை பஸ்ஸில் ஏறினோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரைப் பற்றி எழுதாமல் தனுஷ்கோடி பற்றி யாரும் எழுதுவதில்லை. இடிந்த தேவாலயத்தின் முன்னால் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் குனிந்து நடந்தோம்.

காலை ஒன்பதரைக்கு அடம்புப் பூ முழுதாக விரிந்திருந்தது. சின்னத் தேனீக்கள் உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. இராவணன் மீசைப் புல் காலில் குத்தியது. அடப்பங்கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலை இழுத்துப் பிடித்திருக்கிற விதம் நின்று பார்க்க வேண்டியது. ஒரு கொடியின் தலைப்பைத் தேடிக்கொண்டு போனால் இருபதடி தாண்டியும் அது முடியவில்லை. இதன் விதை கடலில் மிதந்து இன்னொரு கரையில் ஒதுங்கி முளைக்கும், அதனால் உலகத்தின் வெப்பக் கடற்கரைகள் எல்லாவற்றிலும் இதே கொடிதான். இலை நடுவில் பிளந்து இரண்டு குளம்பு போல இருக்கும். சங்கப் பாட்டு இதை மானின் அடிக்கு ஒப்பிட்டது. ஸ்வீடனில் உட்கார்ந்துகொண்டு 1753இல் பெயர் வைத்த லின்னேயஸ் ஆட்டுக்கால் என்று பொருள்பட 'பெஸ்-கேப்ரே' என்றார். ஐந்து வருஷம் கழித்து, 1758இல், நம் விட்டிலுக்குக் 'கன்வால்வுலி' என்று பெயர் வைத்தவரும் அவரேதான். கொடிக்கும் பூச்சிக்கும் ஒரே ஆள் பெயர்சூட்டு விழா நடத்தியிருக்கிறார்.

இந்தக் கொடியைத் தின்று வளரும் நம் விட்டிலின் புழுவை இலையில் தேடினால் கிடைக்காது. பச்சையில் பச்சை. கீழே தேட வேண்டும். முழு வளர்ச்சிக்கு வந்த பருந்து அந்துப் புழுவின் எச்சம் கொத்தமல்லி விதை அளவு இருக்கும், அதே மாதிரி வரியோடியும் இருக்கும். வெள்ளை மணலில் அது பளிச்சென்று தெரியும். பேரன்தான் முதலில் பார்த்தான். "அத்தை, மல்லி கொட்டிக் கிடக்கு!" நேர் மேலே பார்த்தோம். இலைகள் நடுநரம்பு மட்டும் மிஞ்சி நின்றன. அந்தக் காம்பில் தலைகீழாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. என் நடுவிரல் நீளம், விரலைவிடத் தடி. பச்சை உடம்பில் பக்கவாட்டில் சாய்வாக வெளிர் கோடுகள், வால் பக்கம் வளைந்த ஒற்றைக் கொம்பு.

நிழல் பட்டதும் அது தின்பதை நிறுத்திவிட்டு, முன்னுடம்பைத் தூக்கித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சிலையாகி நின்றது. இந்த நிலையைப் பார்த்துத்தான் எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலை நினைவுக்கு வந்து மொத்தக் குடும்பத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. பேரன் "நந்தி மாதிரி இருக்கு" என்றான். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் பட்டது.

சங்கு, சோழி விற்றுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என்ன தேடுகிறோம் என்று பார்க்க வந்தார். "கொம்புப்புழுவா? மழைக்கப்புறம் நெறைய வரும். கொம்பு குத்தாது, பயப்படாதீக." உண்மைதான், அந்தக் கொம்பில் விஷமும் இல்லை, முள்ளும் இல்லை, வெறும் தோரணை. இந்தப் புழு என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். மண்ணுக்குள் போய்விடும் என்றார், அதற்கு மேல் தெரியாதாம். ஆனால் கொடியைப் பற்றி நிறையச் சொன்னார். கடலில் சொறி பட்டு உடம்பு தடித்தால் அடம்பு இலையை அரைத்துப் பூசுவார்களாம். சொறி என்றால் இழுதுமீன். "டாக்டருக்கு முன்னாடி இதுதான்."

மொத்தம் நான்கு புழுக்கள் பார்த்தோம். மூன்று பச்சை, ஒன்று மரப்பட்டை நிறம். வேறு இனம் இல்லை, ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி இரண்டு சட்டை உண்டு.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், காலையில் விரிந்திருந்த பூக்கள் எல்லாம் சுருண்டு வாடியிருந்தன! அடம்புப் பூவின் ஆயுள் ஒரு பகல். நம் விட்டிலோ இருட்டிய பிறகுதான் வெளியே வரும். நேற்று நான் பெரிதாக எழுதி வைத்த திட்டத்தை இங்கேயே அடித்துவிடுகிறேன். இதை வீட்டிலிருந்தே யோசித்திருக்கலாம், ஆனால் யோசிக்கவில்லை. அடப்பங்கொடி அதன் பிள்ளைக்குச் சோறு போடும் வீடு. வளர்ந்த பிறகு அதற்குச் சாப்பாடு வேறெங்கோ.

மாலையானதும் போலீஸ் விசிலடித்து எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டது. இரவு தனுஷ்கோடியில் தங்க யாருக்கும் அனுமதி கிடையாது.

மூன்றாம் நாள்

மழை. வெளியே போகவில்லை. கரண்டும் இல்லை.

பெரியம்மா சர்க்கரைவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தார். தோலை உரிக்கும்போது சொன்னேன்: இதுவும் அடம்பும் ஒரே குடும்பம்தான், அதனால் அந்தக் கொம்புப்புழு வள்ளிக்கொடியையும் தின்னும். "எள்ளுல வருமே, மஞ்சளா, அதுவா?" என்றார். அது இல்லை. எள்ளில் வருவது இதன் ஒன்றுவிட்ட சகோதரம், அக்கெரோன்ஷியா ஸ்டிக்ஸ். முதுகில் மண்டையோடு வரைந்த மாதிரி இருக்கும் விட்டில். தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடும், கையில் பிடித்தால் கீச்சென்று கத்தும். பெரியம்மா புகுந்த வீட்டில் எள் போட்ட காலத்தில் அந்தப் புழுவைக் கையால் பொறுக்கிப் போடுவதுதான் சின்ன மருமகளின் வேலையாம். "அது நெளிஞ்ச கொம்பு, இது ஒரே வளைவு" என்று நான் படத்தில் காட்டாததையும் அவரே சொன்னார். நன்றாக நினைவிருக்கிறது. எள் புழுவின் கொம்பு எஸ் வடிவில் நெளிந்து சொரசொரப்பாக இருக்கும். நம் புழுவுக்கு வழவழப்பான ஒரே வளைவு.

பொறுக்குவது என்றதும் நியூசிலாந்து ஞாபகம் வந்தது. அங்கே மாவோரி மக்களுக்குச் சர்க்கரைவள்ளிதான் உயிர்ப் பயிர். அதை அழித்த புழு இதே இனம்தான், இதே கன்வால்வுலி. பெண்களும் பிள்ளைகளும் கையால் பொறுக்கியிருக்கிறார்கள். அது போதாமல் கடற்காக்கைகளைப் பழக்கித் தோட்டத்தில் விட்டும் தின்ன வைத்திருக்கிறார்கள். பேரனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பாம்பன் பாலத்தில் உட்காரும் காக்கைகளுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டான்.

எப்படி நியூசிலாந்து வரை போனது? பறந்துதான். ஆப்பிரிக்காவில் பிறந்து ஐரோப்பாவுக்கு வருஷா வருஷம் கிளம்பிப் போகும் இனம் இது, ஐஸ்லாந்தில்கூடப் பார்த்திருக்கிறார்கள். போன இடத்தின் குளிரைத் தாங்காமல் செத்துப் போவதும் வருஷா வருஷம் நடக்கிறது. அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதியில் இதற்கு ஒரு தங்கை உண்டு, அக்ரியஸ் சிங்குலாட்டா. அதற்கும் பட்டை போட்ட ரோஸ் வயிறு, அதுவும் சர்க்கரைவள்ளி தின்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அந்தத் தங்கைக்கு ரோஸ் தூக்கல். ஹூப்னர் என்ற ஜெர்மானியர் 1819இல் அக்ரியஸ் என்ற பெயரைப் போட்டார். பழைய புத்தகங்களில் இவற்றை ஹெர்ஸே என்ற பெயரில் பார்க்கலாம். பெயர் வரலாறு இவ்வளவு போதும்.

கரண்ட் இரவு பத்துக்கு வந்தது.

நான்காம் நாள், தங்கச்சிமடம், பிறகு கிணற்றடி

மழை விட்டது. காலையில் தங்கச்சிமடம் போனேன். மதுரை மல்லிக்கு மதுரைதான் பெயர் வாங்கிக்கொள்கிறது, ஆனால் மல்லிகை நாற்று பல ஊர்களுக்குப் போவது இந்த ராமேஸ்வரம் தீவிலிருந்துதான். மணலில் பதியன் போட்டு வரிசை வரிசையாக நாற்றுகள். இரவில் விரிந்து மணக்கும் வெள்ளைப் பூ என்றால் பருந்து அந்துப்பூச்சி வராமல் இருக்குமா என்று ஒரு நப்பாசை. நாற்றங்காலில் இருந்த அண்ணன் சிரித்தார். "பூவா? மொட்டுலயே பறிச்சிருவோம்மா. விரிஞ்ச பூவ எவன் வாங்குவான்?" உண்மைதான். நம் தலையில்தான் அது விரிகிறது. விட்டிலுக்கு மிச்சம் வைப்பதில்லை.

திரும்பும் வழியில் கரையோரம் பீச்சங்குப் புதர்கள் பார்த்தேன். நீண்ட குழாய், நுனியில் வெள்ளை இதழ்கள், வெளியே நீட்டிய ஊதா மகரந்தத் தாள்கள். அப்படிக் குழாயாக நீளும் வெள்ளைப் பூ, நீண்ட நாக்குள்ள யாருக்கோ எழுதி வைத்த கடிதம் மாதிரி. அக்ரியஸின் நாக்கு அதன் உடம்பைவிட நீளம். ஓய்வில் இருக்கும்போது கொசுவத்திச் சுருள் மாதிரி சுருட்டித் தலைக்கடியில் வைத்துக்கொள்ளும்.

ராத்திரி வேலை இரண்டு. மாடியில் வெள்ளை வேட்டி கட்டி அதற்கு முன்னால் பல்பு, அது பேரன் பொறுப்பு. கிணற்றடியில் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சோடு நான்.

மாடியிலிருந்து அவன் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கத்திக்கொண்டிருந்தான். வேட்டிக்கு என்னென்னவோ வந்தன. பச்சை டாஃப்னிஸ் நெரி ஒன்று வந்தது, அரளி இலை தின்று வளரும் இனம், ராணுவச் சட்டை போட்ட மாதிரி அழகு. விட்டில் ஏன் விளக்கைச் சுற்றுகிறது என்று 2024இல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. விளக்கின் மேல் ஆசைப்பட்டு அது வருவதில்லை. வானம் இருக்கும் பக்கம்தான் வெளிச்சம் என்று நம்பி முதுகை வெளிச்சத்துக்குக் காட்டியே பறக்கும் பழக்கம் அதற்கு. நம் பல்பை வானம் என்று நினைத்து முதுகைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலேயே மாட்டிக்கொள்கிறது. விளக்கில் விழும் விட்டிலை வைத்து எத்தனை காதல் வசனம் எழுதியிருக்கிறோம்! இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆராய்ச்சியில் இந்தக் கணக்குக்கு அடங்காமல் விளக்கின் மேலாகவே சாவகாசமாகப் பறந்துபோன இரண்டே இனங்களில் ஒன்று இதே டாஃப்னிஸ் நெரி. அது எப்படி என் பெரியம்மா வேட்டியில் வந்து உட்கார்ந்தது என்று அதைத்தான் கேட்க வேண்டும்.

ஏழே கால் இருக்கும். ஊமத்தையில் அன்றைக்கான பூக்கள் அப்போதுதான் விரிந்திருந்தன, கிட்டத்தட்ட ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் குழல் போல. முதலில் சத்தம்தான் வந்தது. மேசை விசிறியில் நூல் மாட்டிய மாதிரி ஒரு 'ம்ம்ம்'. அப்புறம் பூவின் வாயில் ஒரு சாம்பல் கலங்கல். உட்காரவில்லை. காற்றிலேயே நின்றுகொண்டு நாக்கை நீட்டியது, நாக்கு எட்டாமல் தலையையும் தோளையும் பூவுக்குள் நுழைத்தது. பூ ஆடினால் அதுவும் கூடவே ஆடியது. நான்கு விநாடி. வெளியே வந்தபோது முகத்தில் மகரந்தம் பூசியிருந்தது. அடுத்த பூ, இன்னும் நான்கு விநாடி. மூன்றாவது பூவில்தான் டார்ச் வெளிச்சத்தில் அந்த ரோஸ் பட்டைகளைப் பார்த்தேன்.

படம்? பதினேழு எடுத்தேன். பதினாறில் ஊமத்தைப் பூ அருமையாக விழுந்திருக்கிறது. ஒன்றில் பூவோடு ஒரு புகை.

போன பிறகும் அங்கேயே நின்றேன். இவ்வளவு இருட்டில் எப்படிப் பூவைக் கண்டுபிடிக்கிறது? மணம் ஒரு பக்கம். கண்ணும் லேசுப்பட்டதில்லை. இதே குடும்பத்தில் ஐரோப்பாவில் உள்ள ஓர் இனம் நட்சத்திர வெளிச்சத்திலேயே நிறம் பிரித்துப் பார்க்கும் என்று 2002இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நமக்கு அந்த வெளிச்சத்தில் எல்லாமே சாம்பல்தான்.

ஐந்தாம் நாள்

இன்று மாலை ரயில். காலையில் கடைசியாக ஒருமுறை பக்கத்துக் கடற்கரைக்குப் போகலாம் என்று கிளம்பினோம். எந்தக் கரை என்று சொல்லவில்லை. போன முறை வந்தபோது அங்கே மேடு முழுக்க அடப்பங்கொடி. இன்று மஞ்சள் நிற மண் அள்ளும் இயந்திரம் ஒன்று அதைச் சுருட்டி மூன்று குவியலாக ஒதுக்கி வைத்திருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் உட்கார 'சுத்தம்' செய்கிறார்களாம். டிரைவர் தம்பி நல்ல பையன், சொன்ன வேலையைச் செய்கிறான். "களைதானக்கா" என்றான். மணலைப் பிடித்திருந்த கை இது என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த காற்றில் தெரியும் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். அவனிடம் சண்டை போட்டு என்ன?

பேரன் அதற்குள் குவியலைக் கிளறத் தொடங்கியிருந்தான். பிடுங்கிய கொடி வாடிவிட்டால் புழு பட்டினிதான். வீட்டுக்கு ஓடிப் பிளாஸ்டிக் வாளி எடுத்துவந்தான். மெஷினை நிறுத்திவிட்டு டிரைவர் தம்பியும் கொஞ்ச நேரம் கூடத் தேடினான். ஒன்பது கிடைத்தன. எட்டை எடுத்துக்கொண்டு, தெற்கே வலை காயப்போடும் இடத்துக்கு அப்பால் கொடி மிஞ்சியிருந்த பக்கம் கொண்டுபோய் ஆளுக்கொரு தண்டில் ஏற்றிவிட்டோம். ஏறியதும் தின்னத் தொடங்கிவிட்டன. ஊர் மாறியது அவற்றுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

ஒன்பதாவது தின்னவில்லை. நிறம் மங்கி, இலையைத் தொடாமல் வாளியின் அடியில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்தது. அதற்குப் புழு வாழ்க்கை முடிந்துவிட்டது, மண் வேண்டும். வாளியில் பாதிக்கு ஈர மணல் அள்ளிப் போட்டோம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தலை உள்ளே போய்விட்டது, கொம்பு மட்டும் வெளியே. பிறகு அதுவும் இல்லை.

உள்ளே அது ஒரு சின்ன அறை குடைந்துகொள்ளும். அங்கே கூட்டுப்புழுவாக மாறும்போது நாக்குக்கென்று தனியாக ஒரு உறை முளைக்கும், முகத்துக்கு முன்னால் கூஜாவின் கைப்பிடி மாதிரி வளைந்து நுனியில் சுருண்டு. அவ்வளவு நீள நாக்கை வைக்க உடம்புக்குள் இடம் போதவில்லை. இந்தச் சூட்டுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வெளியே வந்துவிடும். தோண்டிப் பார்க்கக்கூடாது என்று பேரனிடம் சத்தியம் வாங்கினேன்.

வாளியை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு மணி நேரம் போனது. பெரியம்மாவே அம்மிக்குப் பக்கத்தில், சாரல் படாத மூலையில் இடம் ஒதுக்கினார். மேலே மாவு சலிக்கிற பழைய சல்லடையைக் கவிழ்த்தார். மருமகளைக் கூப்பிட்டு, "இதுல தண்ணிய கிண்ணிய ஊத்திராத" என்றார். பொங்கலுக்குக்கூட அந்தச் சல்லடையை யாருக்கும் இரவல் தராதவர் அவர்.

ரயில் பரமக்குடி தாண்டும்போது போன் வந்தது.

"ஏத்தா, அது வெளிய வர்ற அன்னைக்கு ராத்திரி திண்ணை லைட்டப் போட்டு வைக்கணுமா?"

"வேண்டாம் பெரியம்மா. அணைச்சே வைங்க."

"சரி. வந்தா எதத் திங்கும்? சீனித்தண்ணி வைக்கவா?"

"அதெல்லாம் வேண்டாம். கிணத்தடி ஊமத்தைய மட்டும் வெட்டிராதீங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மூணு வாரம்தான, நிக்கட்டும்" என்றார்.